அப்பாவுக்குக் கைத்தடி: பார்க்க நன்றாக இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது. யாராவது உதவுங்கள்

பட்டர்வொர்த் மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முட்டியில் தேய்மானம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தடி வைத்து நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. முதலில் மருந்துக்கடையில் ஓர் அலுமினியத் தடி வாங்கிக் கொடுத்தோம், அது கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடியே இருக்கிறது. "இதைப் பிடித்துக்கொண்டு வெளியே போனால் வார்டிலிருந்து நேராக எழுந்து வந்த மாதிரி இருக்கும்மா" என்கிறார். இன்றைக்கும் பக்கத்துக் கடைக்குப் போவதென்றால் தேய்த்த சட்டை போட்டுப் பையில் பேனா குத்திக்கொண்டு போகிறவர், அதனால் நான் வற்புறுத்தவில்லை.

அப்புறம் ஆன்லைனில் 58 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மரத்தடி வாங்கினேன். கறுப்பு வார்னிஷ், மேலே குடைக்கம்பி மாதிரி வளைந்த பிடி, பார்க்க அவ்வளவு அழகு. அவருக்கும் பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டு போனார். இரண்டே வாரத்தில் வலது மணிக்கட்டு வலி, தோள்பட்டை வலி. போன வெள்ளிக்கிழமை பினாங்கு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் பூ வாங்கப் போனபோது, மழைத்தண்ணீர் படிந்திருந்த அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் போகும் நடைபாதை) டைல்ஸில் தடி சறுக்கி, கடைத்தூணைக் கட்டிப் பிடித்து நின்றிருக்கிறார். அன்றிலிருந்து எந்தத் தடியும் வேண்டாம் என்கிறார்.

அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டியவர் அப்பாதான். நாலுகால் தடி வாங்கலாமா? பிடி எப்படி இருக்க வேண்டும்? அப்பா உயரம் 163 செமீ, தடி 36 அங்குலம், வலது கையில்தான் பிடிக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைப்பயிற்சி கேஎல்:

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தப்பு கண்ணில் படுகிறது. இரண்டும் தினமும் நான் பார்க்கிறவைதான், அப்பாவைக் குறை சொல்லாதீர்கள்.

வலது முட்டி வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் நாம் சாதாரணமாக நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கைதானே முன்னே வீசுகிறது? தடியும் அப்படித்தான். வலது காலும் இடது கைத் தடியும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால், முட்டிக்குப் போகிற பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். அதே பக்கம் பிடித்தால் உடம்பு வலிக்கிற காலின் மேலேயே சாயும், பாரம் குறையாது.

இன்னொன்று உயரம். 36 அங்குலம் என்றால் 91 செமீக்கு மேல். 163 செமீ ஆளுக்கு அது நிச்சயம் அதிகம், தோள்பட்டை வலி அங்கிருந்து வருகிறது. அப்பாவை வெளியே போகும் செருப்போடு நேராக நிற்கச் சொல்லுங்கள், இரண்டு கையும் தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் மடிப்புக் கோடு இருக்கும் இல்லையா, அங்கிருந்து தரை வரை அளந்து பாருங்கள். ரப்பரோடு சேர்த்துத் தடியின் உயரம் அதுதான். அப்படிப் பிடித்தால் முழங்கை லேசாக, 20 டிகிரி அளவுக்கு மடங்கி நிற்கும்.

மணிக்கட்டு வலிக்கு அந்த வளைந்த பிடியும் ஒரு காரணம். அது கையில் மாட்டிக்கொள்ள வசதி, ஆனால் மெல்லிசு, உருண்டை. சாய்ந்து நடக்கும்போது பாரம் முழுக்க உள்ளங்கையில் ஒரே கோட்டில் அழுத்தும்.

ஜார்ஜ்டவுன்வாசி:

மார்க்கெட் ஸ்திரீட் அஞ்சடி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு கடைக்காரரும் அவரவர் விருப்பத்துக்கு டைல்ஸ் போட்டிருப்பார்கள், ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது தாழ்வு, நடுவில் சின்னப் படி, அதற்கு மேல் பூக்கடைத் தண்ணீர். தடியின் அடியில் இருக்கும் ரப்பரைத் திருப்பிப் பார்த்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

பட்டர்வொர்த் மகள்:

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. ரப்பர் என்றே சொல்ல முடியாது, கெட்டி பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. அடியில் வரி ஒன்றும் இல்லை, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது.

அக்கா, மணிக்கட்டு மடிப்பிலிருந்து அளந்தேன், 83 செமீ வந்தது. இருக்கிற தடி எட்டு செமீ அதிகம்! ஆனால் இடது கை என்றதும் அப்பா முகம் மாறிவிட்டது. கல்யாண வீட்டில் இடது கையில் தடியை ஊன்றி நின்றால் நன்றாகவா இருக்கும் என்கிறார்.

தண்ணீர்மலைத் தாத்தா:

மகளே, எனக்கு 74 நடக்கிறது, மூன்று வருஷமாகத் தடி பிடிக்கிறேன். உன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு.

வாத்தியார் ஐயா, எனக்கும் வலது முட்டிதான். நானும் முதலில் வலது கையில்தான் பிடித்தேன். கோயிலில் ஐயர் திருநீறு கொடுக்கும்போது என்ன செய்தேன் தெரியுமா? தடியை அவசரமாக இடது கைக்கு மாற்றி, அதில் ஆடி, பின்னால் நின்ற பையன் பிடித்துக்கொண்டான். தடி இடது கையில் இருந்தால் வலது கை எப்போதும் சும்மா இருக்கும். திருநீறு வாங்கலாம், கும்பிடுகிற பிள்ளைக்கு அட்சதை போடலாம், சம்பந்திக்குக் கை கொடுக்கலாம், சந்தனக் கும்பாவை நீட்டலாம். மரியாதை என்று பார்த்தாலும் இடது கைதான் சரி.

வெட்கம் எனக்கும் இருந்தது, ஒரு வருஷம் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரைக்கும்கூடப் போகவில்லை. தடி நன்றாக அமைந்த பிறகுதான் போனேன். 513 படியும் இப்போது எனக்கு ஆகாது, ஆனால் கீழே நின்று காவடி பார்க்கிறேன். அதனால் அழகான தடி கேட்பது வீண் ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதே மகளே. பிடிக்காத தடியை எந்தக் கிழவனும் எடுத்துக்கொண்டு போக மாட்டான்.

செந்தூல் மகன்:

நாலுகால் தடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தபோது அதுதான் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நல்லது, விட்டாலும் விழாமல் தானாக நிற்கும். ஆனால் நாலு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும், அதனால் நடை மெதுவாகிவிடும். அஞ்சடி மாதிரி ஏற்ற இறக்கத்தில் மூன்று கால் பட்டு ஒன்று தூக்கிக்கொண்டு டக் டக்கென்று ஆடும். அப்பாவுக்கு முட்டி மட்டும்தான் பிரச்சினை, உடம்பு ஒரு பக்கம் தள்ளவில்லை என்றால் ஒற்றைத் தடியே போதும் என்று நினைக்கிறேன். அக்கா சரிதானா?

மடக்குத் தடியும் அம்மாவிடம் ஒன்று இருக்கிறது. உள்ளே எலாஸ்டிக் கயிறு, நாலாக மடிந்து பைக்குள் போய்விடும், எல்ஆர்டி ரயிலில் வசதி. வாங்கும்போது பிரித்து ஊன்றி ஆட்டிப் பாருங்கள், மூட்டு லொடலொட என்றால் வேண்டாம்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா கல்யாணத்துக்கு வேட்டி கட்டுவார் இல்லையா? ஒரு கை தடிக்கு, ஒரு கை வேட்டி முனையைத் தூக்க, அப்புறம் மணவறைப் படி ஏறக் கைப்பிடியை எந்தக் கையால் பிடிப்பது? எங்கள் மாமா அப்படித்தான் தடுமாறினார். ஒட்டிக்கிற வேட்டி வாங்கி, தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டி விடுங்கள்.

நடைப்பயிற்சி கேஎல்:

சரிதான் தம்பி. வேட்டி விஷயம் நானே யோசித்ததில்லை, இனி என்னிடம் வருகிறவர்களுக்கும் சொல்வேன்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், அதாவது அப்பாவுக்கு இடது கால், பிறகு தடியும் வலது காலும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், பிறகு நல்ல கால். கைப்பிடி இருந்தால் அதை ஒரு கையால் கட்டாயம் பிடிக்க வேண்டும். மணவறைப் படி மூன்றே மூன்றாக இருந்தாலும் இப்போதிருந்தே வீட்டு வாசல் படியில் பழகட்டும்.

கோயிலில் செருப்பைக் கழற்றினால் தடி இரண்டு செமீ உயர்ந்த மாதிரி ஆகும், அந்த அளவு பரவாயில்லை. பெரிய ஆபத்து தரையில் இருக்கிறது, அபிஷேகத் தண்ணீரும் விளக்கிலிருந்து சிந்தின எண்ணெயும் சேர்ந்த கல்தரையில் எந்த ரப்பரும் வழுக்கும். ஒரு துணியைப் பையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது அடியைத் துடைத்துவிடுங்கள்.

பிடிக்கு, மேலே தட்டையாக, சுத்தியல் தலை மாதிரி இரு பக்கமும் நீண்டு, பின்பக்கம் லேசாக வளைந்து வருமே, டெர்பி பிடி என்பார்கள், அதைப் பாருங்கள். பாரம் தடியின் நேர் மேலே இறங்கும், சாப்பிடும்போது மேசை விளிம்பில் மாட்டியும் வைக்கலாம். உள்ளங்கைக்கு ஏற்றபடி அகலமாகச் செதுக்கிய பிடியும் உண்டு, மூட்டுவலிக் கைக்கு அது இன்னும் இதம், ஆனால் அதில் இடது கைக்கு வேறு, வலது கைக்கு வேறு. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மரவேலை பிறை:

நான் உங்கள் பக்கத்து ஊர் பிறையில் மரவேலை செய்கிறேன் தங்கச்சி. இருக்கிற கறுப்புத் தடியைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டுக்குள் நடக்க அதை வெட்டிக் கொடுக்கலாம். ரப்பரைக் கழற்றிவிட்டு, தடியைத் தலைகீழாக அப்பா பக்கத்தில் நிறுத்தி, பிடி தரையில் படட்டும், மணிக்கட்டு மடிப்பு வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ரப்பரின் அடிக்கனம் ஒரு செமீ இருந்தால் அதையும் கழித்து வெட்ட வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிப் பல் நெருக்கமான ரம்பத்தால் அறுத்தால் வார்னிஷ் பெயராது. வெட்டின முனையின் குறுக்களவைப் பார்த்து ரப்பர் வாங்குங்கள், 16, 19, 22 மிமீ என்று கிடைக்கும். உள்ளே இரும்பு வளையம் வைத்தது என்றால் மரம் ரப்பரைக் குத்திக்கொண்டு கீழே வராது. காருக்குள் வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும்.

கல்யாணத்துக்கு நல்லதாக வேண்டுமென்றால் செமாம்பு ரோத்தானில் கேட்டுப் பாருங்கள். நம் காட்டுப் பிரம்புதான். மற்ற பிரம்பில் அடிக்கொரு கணு வரும், செமாம்பில் இரண்டு கணுவுக்கு நடுவே இடைவெளி மிக நீளம், கணுவே இல்லாமல் ஒரு முழுத்தடி எடுத்துவிடலாம். மலாக்கா கேன் என்று 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெரிய மனிதர்கள் ஆசையாக வைத்திருந்தது இதைத்தான். மூங்கில் மாதிரி உள்ளே ஓட்டை கிடையாது, கனமும் குறைவு, வெளியே தேன் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் பிரம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் தடிமனாக எடுங்கள், கையில் அழுத்தி ஊன்றிப் பாருங்கள், நீளவாக்கில் கீறல் இருந்தால் வேண்டாம். கருங்காலி அழகுதான், ஆனால் கனம், நாள் முழுக்கத் தூக்கினால் கை ஓய்ந்துவிடும்.

பட்டர்வொர்த் மகள்:

பத்து நாளாகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் பார்த்தால் கதவுக்குப் பின்னால் இருந்த அலுமினியத் தடியை எடுத்து, பட்டனை அழுத்தி ஓட்டை ஓட்டையாக இறக்கி 83க்குப் பக்கமாகக் கொண்டுவந்து, ஹாலில் இடது கையில் பிடித்து நடந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு நாள் கை கால் குழம்பியது, வலது காலும் தடியும் ஒன்றாக வரவில்லை. அவரே "ஒன்று, இரண்டு" என்று வகுப்பில் சொல்கிற மாதிரி எண்ணி எண்ணிப் பழகிக்கொண்டார்.

செமாம்புத் தடி கிடைத்தது. பிறை அண்ணா சொன்ன மாதிரியே தேன் நிறம், டெர்பி பிடி, பிடிக்குக் கீழே ஒரு பித்தளை வளையம். கடைக்காரர் அப்பாவை நிற்க வைத்து அளந்து வெட்டிக் கொடுத்தார், வரிபோட்ட சாம்பல் நிற ரப்பர், நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது. மணிக்கட்டு வலி இப்போது இல்லை. தோள்பட்டை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, போன வாரத்துக்குக் குறைவு.

நேற்று மறுபடியும் மார்க்கெட் ஸ்திரீட் போனோம், மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அதே பூக்கடை வாசல் படியில் தடியை ஊன்றி, வலது காலை இறக்கி, இடது காலைச் சேர்த்து, நின்று, வலது கையால் பூவை வாங்கினார். பூக்கார ஆண்டி "தடி எங்க வாங்குனீங்க சார்" என்று கேட்டார். கார் வரைக்கும் அப்பா அதையே பேசிக்கொண்டு வந்தார்.

செந்தூல் அண்ணா, ஒட்டிக்கிற வேட்டியும் வாங்கியாகிவிட்டது. அக்கா, ஒரே ஒரு கேள்வி பாக்கி: மண்டப வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், தடியை ஊன்றி அவ்வளவு நேரம் நிற்கலாமா, இல்லை பக்கத்தில் நாற்காலி போட்டுவிடவா?

நடைப்பயிற்சி கேஎல்:

நாற்காலி போடுங்கள், கை வைத்தது, உயரமானது. தாழ்ந்த சோபா வேண்டாம், எழுந்திருக்க முட்டி வலிக்கும். அவரையும் முன்கூட்டியே அதில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள், எழும்போது தடியை மட்டும் நம்பாமல் நாற்காலிக் கையை அழுத்தி எழுந்த பிறகு தடியை எடுக்கட்டும்.