ஸ்டேஷன் வாசலில் க்யூஆர் கோடு: யாரைக் கேட்கிறார்கள்?

மாட்டுத்தாவணி:
தெலங்கானாவில் 2025 ஜனவரியில் போலீஸ் ஸ்டேஷன்களில் க்யூஆர் கோடு ஒட்டினார்கள். மனு கொடுத்தவர், எஃப்.ஐ.ஆர். போட்டவர், டிராஃபிக் சலான் வாங்கியவர், பாஸ்போர்ட் விசாரணைக்கு ஆளானவர் என்று யாரும் ஸ்கேன் செய்து, போலீஸ் தன்னை எப்படி நடத்தியது என்று சொல்லலாம். நம்ம ஊருக்கும் இது வேண்டும் என்று ஆபீஸில் ஒரே பேச்சு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. போன வருஷம் பைக் திருடு போய் ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று நாள் நடந்தேன். "நல்லாத் தேடிப் பாத்தீங்களா, ஃப்ரெண்டு யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான்." மூன்றாம் நாள் கையில் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கிக்கொண்டோம் என்ற சீட்டு மட்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை. அவர்கள் கணக்கில் நான் பைக்கைத் தொலைத்தவனே இல்லை. இதில் ஸ்டார் வேறு போடணுமா?

பழைய ரைட்டர்:
தம்பி, கோடு வாசலில் இருக்கிறது. மனு வாங்காமல் திருப்பி அனுப்பினால் அதையே எழுதிப் போடலாமே, யார் தடுத்தார்கள்? 27 வருஷம் ஸ்டேஷனில் இருந்தவன் சொல்கிறேன். எங்களைப் பற்றி மேலிடத்துக்குப் போவது இரண்டே வகை: மொட்டைக் கடுதாசி, வாட்ஸ்அப் வீடியோ. ஒழுங்காக வேலை பார்க்கிற ஏட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதுவதில்லை. அதற்கு ஒரு வழி வந்தால் நல்லதுதானே. ஆனால் ஒன்று, மார்க்கை வைத்து ஆளை எடை போடக்கூடாது. வரப்புத் தகராறில் இரண்டு பார்ட்டி வருவார்கள். நியாயமாக முடித்தாலும் ஒருவர் திட்டிக்கொண்டுதான் போவார்.

மாட்டுத்தாவணி:
எழுதலாம் ஐயா, யார் எழுதினதுன்னு தெரிஞ்சுட்டா? அடுத்த வாரம் அதே ஸ்டேஷனுக்குத்தானே நான் போகணும்? இன்னொன்று, திருட்டு மாதிரி குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அதைச் செய்யாதவர்கள் கருத்துக் கேட்பதுதான் எரிச்சல்.

குரொய்டன் அண்ணை:
இஞ்ச இங்கிலாந்தில வேற மாதிரி. 1982இல தொடங்கின ஒரு குற்றக் கணக்கெடுப்பு இருக்கு. பொலிஸ் நடத்துறேல்ல, இப்ப தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின்ர பொறுப்பில நடக்குது. குலுக்கல் மாதிரி முகவரி எடுத்து, போன 12 மாசத்தில உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேப்பினம். பொலிஸிட்டச் சொன்னனீங்களோ எண்டது பிறகுதான். தம்பியின்ர முகவரி விழுந்தா அந்த பைக் இதில கட்டாயம் ஏறும். 2014இல பொலிஸ் பதியிற குற்றக் கணக்கை நம்பேலாது எண்டு அதுக்கிருந்த தேசியப் புள்ளிவிவரத் தகுதியையே எடுத்துப்போட்டினம்.

லண்டனில மேயர் அலுவலகமும் தனியா மக்களிட்டக் கேக்குது. உள்ளூரில பொலிஸ் நல்லா வேலை செய்யுது எண்டவை 2016இல 70 வீதம், 2022 மார்ச்சில 45.

பழைய ரைட்டர்:
சரி, 70 போய் 45 ஆச்சு. அதனால் ஸ்டேஷன் மாறிச்சா?

குரொய்டன் அண்ணை:
நல்ல கேள்வி ஐயா. 2023 மார்ச்சில, லண்டன் பொலிஸைப் பற்றித் தனியா ஆராய்ஞ்ச லூயிஸ் கேசியின்ர அறிக்கை இந்த எண்களையும் எடுத்துக்காட்டி, லண்டன் பொலிஸில இனவெறி அமைப்பிலயே ஊறிக் கிடக்கு எண்டு எழுதிச்சு. பொலிஸ் ஆணையர் குற்றச்சாட்டை ஏற்றார், 'அமைப்பிலயே' எண்ட சொல்லை மட்டும் ஏற்கேல்ல. என்ர தெருவில என்ன மாறினது எண்டு கேட்டால், பெரிசா ஒண்டுமில்லை. ஆனா மூடி மறைக்கேலாமல் போச்சு.

களப்பணி கலா:
வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தவள் நான். போலீஸ் சர்வே மட்டுமில்லை, சோப்பு சர்வேயும் எடுத்திருக்கிறேன். சோப்பைப் பற்றிக் கேட்டால் பாதித் தெரு கூடிவிடும். போலீஸ் என்றதும் கதவு பாதி சாத்தப்படும். பெண்களிடம் கேட்டால் உள்ளேயிருந்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். ஒரு அம்மா எல்லாக் கேள்விக்கும் "நல்லாத்தான் இருக்காங்க" என்றார். நான் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்த பிறகு, மகனைக் கூட்டிப்போன ராத்திரியைச் சொன்னார். என் பேப்பரில் ஐந்துக்கு ஐந்து.

அதனால் மாநிலங்களுக்கு ரேங்க் போடுவதை நான் மதிப்பதில்லை. இந்தியன் போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு 2021-இல் 1.6 லட்சம் பேரிடம் கேட்டு, பத்துக்கு 8.11 என்று ஆந்திராவை முதலில் வைத்தது. பயம் கூடுதலான ஊரில் மார்க்கும் கூடுமே, அதை எப்படிப் பிரிப்பது?

மாட்டுத்தாவணி:
அக்கா, நீங்களே என் பக்கம் வந்துட்டீங்க.

களப்பணி கலா:
இல்லை தம்பி. கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போலீஸ் கேட்கக்கூடாது என்கிறேன். சி.எஸ்.டி.எஸ்.-லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பும் காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து 2018-இல் 22 மாநிலங்களில் பொதுமக்களிடம் கேட்டார்கள். அடுத்த வருஷம் போலீஸ்காரர்களிடமே போனார்கள், 11,834 பேர். சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை என்று வந்தது. ரைட்டர் ஐயாவின் வலியும் அதில்தான் வெளியே தெரிந்தது. சின்னக் குற்றத்துக்கு கோர்ட்டுக்குப் போகாமல் போலீஸே சின்னதாகத் தண்டிக்கலாம் என்று 37 சதவீதம் பேர் சொன்னதும் அதே சர்வேயில்தான். ஸ்டேஷன் சுவரில் ஒட்டின கோடு இதையெல்லாம் கேட்குமா?

பழைய ரைட்டர்:
14 மணி நேரமெல்லாம் திருவிழா பந்தோபஸ்து இல்லாத நாள் கணக்கு. அந்த 37-ஐப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மாட்டுத்தாவணி:
ஐயா, நேராகக் கேட்கிறேன். நீங்கள் பார்த்த ஸ்டேஷனுக்கு இந்த அக்காவை அனுப்பினால் விட்டிருப்பீர்களா?

பழைய ரைட்டர்:
ஸ்டேஷனுக்குள்ளே வேண்டாம், பாராக்காரர் முன்னால் எவன் பேசுவான்? எதிரே டீக்கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் டீ குடிக்க வராத நேரமாகப் பார்த்து.