மறு: கிரெயின் எலிவேட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

கிரெயின் எலிவேட்டர் என்பது விவசாயிகள் கொண்டுவரும் தானியத்தை மேலே ஏற்றிச் சேர்த்துவைத்து, பிறகு ரயில் பெட்டியில் நிரப்பும் கோபுரக் கட்டடம். நம் கட்டுரைக்கு அதன் தமிழ்ப் பெயர் என்ன என்பதே கேள்வி. முதலில், அதற்குச் சொல்லப்பட்ட 'தானிய மின்தூக்கி'யை விட்டுவிடுவோம். கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா ஊர்களில் நின்ற மர எலிவேட்டர்கள் பலவும் நெடுங்காலம் பெட்ரோல் எஞ்சினில்தான் ஓடின. தானியத் தூசியில் தீப்பொறி விழுந்தால் மொத்தமும் போய்விடும் என்பதால், எஞ்சினைக் கோபுரத்துக்குள் வைக்காமல், எலிவேட்டரை நடத்தும் முகவரின் அலுவலறைப் பக்கம் தள்ளி வைப்பார்கள். இதில் 'மின்' எங்கிருந்து வந்தது?

அடுத்து வந்த யோசனைகளான 'குதிர்', 'களஞ்சியம்' இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் குதிரில் போட்ட நெல் வீட்டுக்கு வேண்டும்வரை கிடக்கும். இது அப்படியில்லை, ரயில் பெட்டி வரும்வரைக்கும்தான் இருப்பு. வேலை நடப்பதைப் பாருங்கள். விவசாயி வண்டியோடு எடைமேடையில் ஏறுவார். கோதுமை தரைக்கடியில் உள்ள குழியில் கொட்டும். வாளிகள் கோத்த நீண்ட வார் ஒன்று குழிக்கும் உச்சிக்கும் இடையே செங்குத்தாகச் சுற்றியபடி அதை அள்ளிப்போய் மேலே கவிழ்க்கும். அங்கே முகவர் குழாயை எந்த அறைப்பக்கம் திருப்பியிருக்கிறாரோ அந்த அறைக்குள் தன் எடையாலேயே விழும். ரயில் பெட்டி வந்ததும் மறுபடி ஒருமுறை மேலே ஏற்றி, எடைபோட்டு, குழாய்வழியே பெட்டிக்குள் விடுவார்கள். ஆக, ஒரே கோதுமை இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. கட்டடமே ஓர் இயந்திரம். 1842இல் அமெரிக்காவின் பஃபலோவில் ஜோசப் டார்ட் நீராவியால் ஓட்டிக் காட்டியதும் இந்த வாளிவாரைத்தான்.

அதனால் என் பரிந்துரை 'தானிய ஏற்றகம்'. உள்ளே ஓடும் உறுப்புக்கு 'வாளிவார்'. சுவருக்கும் ஒரு சொல் வேண்டும். பலகைகளைக் கிடையாகப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து எழுப்பிய கனத்த சுவர் அது. கோதுமை பக்கவாட்டில் தள்ளும் தள்ளுக்குச் சாதாரண மரச்சட்டச் சுவர் பிதுங்கிவிடும். 'அடுக்குப்பலகைச் சுவர்' சரியாக வருமா?

வரலாற்றுப் பகுதியில் 1879இல் மானிட்டோபாவின் நிவர்வில்லில் கட்டியதைச் சேர்க்க வேண்டும். கனடியப் புல்வெளியின் முதல் ஏற்றகம் அது, வட்ட வடிவம்! அப்புறம்தான் எல்லோருக்கும் பழக்கமான உயர்ந்த சதுர வடிவம் பரவியது. குதிரை வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் என்று கணக்கிட்டு ரயில் பாதை நெடுக நிறுத்தினார்கள். 1930களில் 5,700க்கும் மேல் இருந்தன. லாரியும் நல்ல சாலையும் வந்தபின் அந்தத் தூரக் கணக்கு செல்லாமல் போயிற்று. ரயில் கிளைப்பாதைகள் மூடப்பட்டன, பெரிய கான்கிரீட் நிலையங்கள் வந்தன. மானிட்டோபாவின் இங்கிலிஸ் ஊரில் ஐந்து வரிசையாக இன்னும் நிற்கின்றன, தேசிய வரலாற்றுத் தலமாக. கட்டுரைக்குப் படம் அங்கிருந்தே எடுக்கலாம்.

> 'ஏற்றகம்' என்றால் சரக்கு ஏற்றும் இடம் என்று தோன்றாதா ஐயா?

தோன்றட்டுமே, பெட்டியில் சரக்கு ஏற்றுவதும் அங்கேதானே நடக்கிறது! எனக்கு உறுத்துவது வேறு: துறைமுகத்தில் உள்ள பிரம்மாண்டமானவற்றையும் ஆங்கிலத்தில் எலிவேட்டர் என்றே சொல்கிறார்கள். அவற்றுக்கு 'முனைய ஏற்றகம்', ஊரில் இருப்பதற்கு 'ஊர் ஏற்றகம்' என்று பிரிக்கலாம். 'நாட்டுப்புற ஏற்றகம்' மட்டும் வேண்டாம், பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இந்த வாரமே தலைப்பை மாற்றிவிடுகிறேன்.