மாசியில் அடை வைத்தால் அக்னிக்குள் இறகு: கடலூர், பாகூர் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் பகிர்ந்தவை

பாகூர் | அரைக் காணி, தென்னை, பத்துக் கோழி

வாரம் இரண்டு நாள் மட்டும் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான் உருப்படியான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அடிமண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும், வெயிலும் இன்னும் மண்டையைப் பிளக்காது. கோழி, பலா, முந்திரி, தண்ணீர் ஆகியவற்றில் இப்போது என்ன செய்கிறீர்கள், எங்கே சறுக்குகிறது என்று அளவோடு எழுதுங்கள். ‘இயற்கையோடு இணைந்து வாழ்வோம்’ வகையறா வேண்டாம்.

காணிக் கணக்கு தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கம் 576 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. அரைக் காணி என்றால் ஏறக்குறைய 66 சென்ட்.

திருவந்திபுரம் பக்கம் | நாட்டுக்கோழி

கோழிக்கு நாள் கணக்கை அக்னி நட்சத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மாசி பிறப்பு பிப்ரவரி 13 வாக்கில் வரும். அன்று அடை வைத்தால் 21 நாளில், மார்ச் 6 வாக்கில் குஞ்சு. ஏப்ரல் நடுவில் இறகு மூடிவிடும். மே முதல் வாரம் அக்னி தொடங்கும்போது எட்டு வாரக் குஞ்சாக, நிழல் தேடி ஓடத் தெரிந்ததாக இருக்கும். பங்குனிக் கடைசியில் அடை வைத்தால் பஞ்சுக் குஞ்சுகள் நேராகச் சித்திரை வெயிலில் இறங்கும், பாதிகூட மிஞ்சாது.

முட்டை சேர்க்கும்போதுதான் முதல் தப்பு நடக்கிறது. இருபது நாள் முட்டையைக் கூடையில் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு ‘இடி இடித்ததால் கூமுட்டை ஆகிவிட்டது’ என்பார்கள். இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறைச் சூடு 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால், அடை வைக்காமலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஆகவே ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாளுக்குள் இட்ட முட்டைதான் அடைக்கு. சட்டியில் மணல் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, கூர்முனை கீழே இருக்கும்படி செருகி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய், அழுக்குத் தண்ணீரே துளை வழியாக உள்ளே இறங்கும். இடிக்குக் காப்பு என்று அடைக்கூட்டில் கரித்துண்டும் இரும்பும் பாட்டி போட்டால் போடட்டும், கெடுதல் இல்லை.

கோழி நிஜமாகவே அடை படுத்துவிட்டதா என்று பார்க்க இரண்டு வீண் முட்டையை வைத்து இரண்டு ராத்திரி விடுங்கள். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கொத்துமே தவிர எழுந்து ஓடக்கூடாது. பிறகு இருட்டிய நேரத்தில் நல்ல முட்டையை மாற்றுங்கள். சின்ன உடம்புக் கோழிக்கு 9, பெரியதற்கு 12. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் ஆறிப்போகும்; கோழி புரட்டும்போது இன்று ஓரத்தில் இருப்பது நாளை நடுவுக்கு வரும் என்பதால் கடைசியில் எல்லாமே கெடும்.

கூடு ஓர் அடி அகல மூங்கில் கூடை போதும். அடியில் மூன்று விரற்கடை மணல், மேலே வைக்கோல், இடையில் ஒரு பிடி நொச்சி இலை. பேன் பிடித்த கோழி அடையை விட்டு எழுந்துவிடும், அதற்குத்தான் நொச்சி. காற்று வறண்டுபோனால் ஓரத்து மணலில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி, டார்ச்சை உள்ளங்கைக் குழிக்குள் வைத்து அதன் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகள் பிரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் வெளிச்சம் அப்படியே தெரிந்தால் சேவல் சேராத முட்டை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு செத்தது, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கூட்டுக்குள்ளேயே வெடித்து மற்றதையும் நாறடிக்கும். பிள்ளைகளுக்குக் கோழி வளர்ப்பில் ஆசை வருவது இந்த ராத்திரியில்தான்.

21ஆம் நாள் ஓட்டில் துளை விழுந்ததும் உரித்துவிடக் கை பரபரக்கும். உரிக்காதீர்கள். துளை விழுந்து முழுசாக வெளியே வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும், ஓட்டு நரம்பில் ரத்தம் வற்றும். முன்னாடியே உரித்தால் தொப்புளில் ரத்தம் கசிந்து செத்துப்போகும். வெளியே வந்த குஞ்சு ஒரு நாள் பட்டினி தாங்கும், அவசரம் இல்லை.

கிருமாம்பாக்கம் | குஞ்சு வாங்கி வளர்ப்பவர்

அண்ணன் சொன்னது தாய்க்கோழி உள்ளவர்களுக்கு. ஒரு நாள் குஞ்சாக வாங்குகிறவர்கள் பல்பைக் கவனியுங்கள். இப்போது கடையில் கைக்கு வருவதெல்லாம் எல்இடி, அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 30 குஞ்சுக்கு 60 வாட் பல்பு ஒன்று. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கணும். பங்குனிப் பகலில் பல்பே வேண்டாம், ராத்திரிக்கு மட்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்; சுற்றி வைத்த தடுப்புத் தகரத்தை ஒட்டி நின்று வாயைப் பிளந்தால் சூடு; பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தடுப்புத் தகரத்தை வட்டமாகத்தான் வளைக்கணும். சதுரப் பெட்டியில் மூலையில் குவிந்து அடியில் இருப்பது நசுங்கும். கீழே இரண்டு அங்குலம் உமி, முதல் மூன்று நாள் அதன் மேல் சாக்கு. வெறும் செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கவே முடியாமல் போகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கும்.

வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நான்காம் வாரம் மறுபடி அதே. எட்டு வாரத்துக்குப் பிறகு ஆர்2பி ஊசி, றெக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி. எட்டு வாரத்துக்கு முன்னால் ஆர்2பி போடாதீர்கள். அது வீரியம் கூடிய மருந்து, சின்னக் குஞ்சுக்கு நோயையே கொடுத்துவிடும். மருந்துப் புட்டி பெரும்பாலும் நூறு கோழிக்கானது, கலந்தால் ஐஸிலேயே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கணும். பத்துக் கோழிக்காக ஒரு புட்டி உடைப்பது வீண், பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோர்ந்த கோழிக்கு அன்று போட வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

திருவந்திபுரம் பக்கம்

பல்பு விஷயம் சரியாகச் சொன்னீர்கள். தீனிக்கு ஒன்று சேர்க்கிறேன். நொய் மட்டும் போட்டால் உடம்பு தேறாது, புரதம் வேண்டும். அதற்குக் கரையான் பானை. உடைந்த மண்பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துண்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவிடுங்கள். காலையில் தூக்கினால் கோணி முழுக்க வெள்ளையாக நெளியும். அப்படியே குஞ்சு முன்னால் உதறினால் போதும். கரையான் மருந்து ஊற்றிய வீட்டுச் சுவர் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். பானையைத் தூக்குவது பெரியவர் வேலை, அடியில் தேள் இருக்கும்.

பண்ருட்டி | பலா

மாசியில் பலாவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, பிஞ்சைக் குறைக்கணும். ஒட்டுக்கன்று நான்காம் ஐந்தாம் வருஷமே காய்க்கும். பிள்ளைகள் ‘விடுங்கப்பா, எல்லாம் பழுக்கட்டும்’ என்பார்கள். அந்த வயசு மரத்தில் அடிமரத்தையும் தடித்த கிளையையும் ஒட்டி மூன்று நான்கு போதும். சின்னக் கிளையில் தொங்குவது கிளையையே கிழித்துக்கொண்டு வரும். இரண்டு காய் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒன்றை எடுத்தே ஆகணும். ஒட்டுகிற இடத்தில்தான் புழு துளைக்கும், ஈரம் தங்கி அழுகும்.

எடுத்த பலா மூசு (பிஞ்சு) பொரியலுக்கு. கையிலும் கத்தியிலும் முதலில் நல்லெண்ணெய் தடவுங்கள். பால் ஒட்டின பிறகு சோப்புப் போட்டால் இன்னும் இழுக்கும். நறுக்கினதை மஞ்சள் கலந்த மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

முற்றினதைக் கண்டுபிடிக்க மூன்றும் சேர்ந்து வரணும்: முள் அகன்று மொட்டையாகும், காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகும், விரலால் சுண்டினால் ‘டிங்’ போய் ‘டொப்’ வரும். சத்தத்தை மட்டும் நம்பி அறுத்தவர்கள் வெளிறின சுளையைத்தான் தின்றிருக்கிறார்கள். காயைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். விழுந்த காய் வெளியே பழுத்த மாதிரி தெரியும், உள்ளே அடிபட்ட பக்கம் புளித்துப்போயிருக்கும்.

நெல்லிக்குப்பம்

ஐயா, மரத்தில் சின்னச் சின்னக் காய் கறுத்து, பூசணம் பூத்து உதிர்கிறது. மருந்து அடிக்கணுமா?

பண்ருட்டி

விரல் நீளத்தில், வழுவழுப்பாக, மெல்லிய காம்போடு இருந்தால் அது ஆண் பூ. மகரந்தம் கொட்டியதும் கறுத்து உதிர்வதுதான் அதன் வேலை. மருந்து வேண்டாம். ஆனால் உதிர்ந்ததைப் பொறுக்கிக் குழியில் போடுங்கள், அந்தப் பூசணம் பக்கத்துப் பிஞ்சுக்கும் போகும். தடித்த காம்பில், முள் எழும்பியது அழுகினால் மட்டும் கவலைப்படுங்கள்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதற்குப் பிறகு வைத்தவர்கள் மரத்தை உயரவிடாமல் வெட்டிப் பழக்குகிறார்கள். கவாத்து காய் அறுத்த கையோடு, ஆடிக்குள். இப்போது கத்தியை எடுக்க வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி | முந்திரி

முந்திரிக்கொட்டை பொறுக்குவது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. முதல் நாள் மரத்தடியைப் பெருக்கி வைத்துவிட்டால் காலையில் விழுந்தது பளிச்சென்று தெரியும். பழத்தைத் திருகி எடுத்த கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் நகம் பதியாது, குலுக்கினால் சத்தம் கேட்கும்.

சுடுவதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். வீட்டுக்குள், கேஸ் அடுப்பில் கூடவே கூடாது. வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து, ஓட்டை போட்ட பழைய தகரத்தில் வறுக்கணும். ஓடு எண்ணெய் கக்கி, சீறிக்கொண்டு தீப்பிடிக்கும். இரண்டடி நீளக் கழியால் கிளறிவிட்டு, ஓடு கறுத்ததும் தகரத்தை மண்ணில் கவிழ்த்து மேலேயும் மண்ணை அள்ளிப் போடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தெறிக்கும். உடைக்கும்போது விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்த பிள்ளைக்கு உதடு வீங்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழத்தின் காறல் போக, சாற்றில் ஆறிய அரிசிக் கஞ்சி கலந்து அசையாமல் வைத்தால் துவர்ப்பு திரிந்து கீழே படியும். மேலே தெளிந்ததை வடித்துக் குடிக்கலாம். சட்டையில் பட்ட கறை போகாது, பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்.

நல்லவாடு | கடலோரம்

எங்கள் பக்கத்து வில்லங்கம் உப்பு. பங்குனி தாண்டினால் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பிக்கும். தென்னை தாங்கும், அவரையும் கீரை நாற்றும் இலை ஓரம் கருகிக் காட்டும். பரிசோதனைக்கு எடுப்பதானால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி ஒரு லிட்டர் பிடியுங்கள். உப்புத் தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் நன்றாக ஊறவிட்டு, மேலே தென்னங்கீற்றோ வைக்கோலோ மூடுங்கள். தென்னைக்கு அடியிலிருந்து ஆறடி ஆரத்தில் பாத்தி கட்டி அதிலும் மூடாக்கு.

காய்கறியில் வெண்டை ஒன்றே போதும். இரண்டடிக்கு ஒரு விதை, ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் 45 நாளில் காய். வெள்ளை ஈ வந்தால் நரம்பு மஞ்சளாகும். மஞ்சளான செடி தேறாது, அன்றே பிடுங்குங்கள்.

பாகூர்

பாம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. கோழித்தீனி சிந்தினால் எலி, எலி வந்தால் பாம்பு. தீனியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், வைக்கோல் போரைக் கோழிக்கூட்டுக்கு ஒட்டிப் போடாதீர்கள். பங்குனிச் சூட்டில் பாம்பு அந்தியில்தான் வெளியே வரும், பிள்ளைகள் முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கை விடும் நேரமும் அதுதான். முதலில் டார்ச், பிறகு கை. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கடலூர் அரசு மருத்துவமனை அல்லது ஜிப்மர், எது கிட்டமோ அங்கே. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.

கிணறு இருந்தால் மூன்றடிச் சுவர் மட்டும் போதாது, மேலே இரும்புக் கம்பி வலை வேண்டும். மாசி மகத்துக்குக் கடற்கரை போகிற நாளில் தோட்டத்தில் ஆள் இருக்காது. அன்றைக்குக் கோழிக்கு ஒரு தண்ணீர்த் தட்டுக்குப் பதில் மூன்று மண்தட்டு, மூன்றும் வேறுவேறு நிழலில். ஒன்றை எப்படியும் தட்டிவிடும்.