நீராவிப் படத்தில் கறுப்பு, ஆனால் மழை கொட்டுது: எதைப் பார்ப்பது?

சூளை_திருமங்கலம்:
அவசரம். சேட்டிலைட் படத்தில் எங்கள் பக்கம் கறுப்பாகத்தான் இருந்தது, கறுப்பு என்றால் ஈரம் இல்லை என்றுதானே சொல்கிறார்கள், அதை நம்பிப் பச்சைக்கல்லை, அதாவது சூளையில் இன்னும் சுடாத செங்கல்லை, மூடாமல் விட்டோம், சாயங்காலம் கொட்டித் தீர்த்துவிட்டது. அறுத்துப் போட்டதில் பாதி கரைந்து போச்சு. நாளைக்கும் அறுக்கணும். யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்தப் படம்? நம் நாட்டு வானிலை செயற்கைக்கோள் இன்சாட் எடுத்ததா, ஏதாவது ஆப்பில் வருவதா? எத்தனை மணிக்கு எடுத்தது?

மேலூர்_மழைமானி:
கறுப்பு என்றால் ஈரமில்லை என்கிறார், அப்படியானால் நீராவிப் படம்தான். இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் இரண்டிலும் அந்த சேனல் பிடிப்பது 6.5 முதல் 7.1 மைக்ரான் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர். அந்தக் கதிரை வழியிலுள்ள நீராவியே உறிஞ்சிவிடும், அதனால் தரைப்பக்கத்திலிருந்து கிளம்புவது மேலே போய்ச் சேராது. படத்தில் தெரிவது தோராயமாக நாலு கிலோமீட்டருக்கு மேலுள்ள ஈரம். கீழே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் கிடக்கும் ஈரம்தான் இடிமழைக்கு மூலம், அது இதில் வராது. கீழே ஈரம், மேலே வறட்சி என்றிருந்தால் சில நாள் இடி இன்னும் பலமாகக் கிளம்பும்.

மூத்தமேகம்:
இதெல்லாம் அரிச்சுவடி. படத்தில் நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு 5:30 கூட்டணும், அதையாவது பார்த்தாரா? பழைய இழைகளில் எல்லாம் எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

சூளை_திருமங்கலம்:
நீராவிதான். 06:00 என்று இருந்தது.

வைகைக்கரை:
அப்போ அது பகல் பதினொன்றரை மணிப் படம். அரை மணிக்கு ஒன்று புதிதாக வருதே. சரி, மழை எந்தத் திசையிலிருந்து வந்தது?

பரவை_பாண்டி:
கிழக்கே இருந்துதான் வந்திருக்கும். ராமநாதபுரம் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே ஏறி மேற்கிலிருந்து வரும் மேல்காற்றோடு முட்டுகிற இடத்தில் மேகம் கட்டும், நான் எப்போதும் சொல்வதுதான்.

உசிலை_மாடி:
கடல்காற்று திருமங்கலம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேற்கே மலையில் கட்டிய மேகத்தை மேல்காற்று தள்ளிக்கொண்டு வருது, எங்கள் மாடியில் நின்றால் தெரியும்.

பரவை_பாண்டி:
உங்கள் மாடியிலிருந்து மதுரைக்குக் கிழக்கே என்ன தெரியும்?

மூத்தமேகம்:
இரண்டு பேரும் ரேடாரைப் பார்த்ததே இல்லை போல.

மேலூர்_மழைமானி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சூளைக்காரரே, காலையில் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் கீழே உள்ளதும் சேர்ந்த மொத்த நீராவி அளவைப் பாருங்கள், செயற்கைக்கோளில் உள்ள சவுண்டர் கருவி தருவது, மேகம் மூடிய இடத்தில் மட்டும் கிடைக்காது. மதியத்துக்கு மேல் விசிபிள் படங்களை, அதாவது வெயில் வெளிச்சத்தில் எடுத்தவற்றை, வரிசையாக ஓட்டிப் பாருங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 1 கிலோமீட்டர் அகலம், நீராவிப் படத்தில் 8 கிலோமீட்டர். பஞ்சுப்பொதி மாதிரி மேகம் மேற்கேயோ கிழக்கேயோ தடித்துக்கொண்டே போனால் யோசிக்காமல் தார்ப்பாயை இழுத்து மூடுங்கள். பொழுது இறங்கினால் அந்தப் படம் உதவாது, அகச்சிவப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சூளை_திருமங்கலம்:
இன்றைக்கு மதியமே மூடியாச்சு. நாலரைக்கு மழை. கல் தப்பிச்சுது, நன்றி.

பரவை_பாண்டி:
அண்ணே, எந்தப் பக்கமிருந்து வந்தது?

உசிலை_மாடி:
மேற்கேதான், கேட்கவே வேண்டாம்.

பரவை_பாண்டி:
அண்ணே?