ரசிகர் படத்தில் க்ளிங்கான் வசனம் வைத்தால் வழக்கு வருமா?

கதைசொல்லி:
ஸ்டார் ட்ரெக் உலகில் நடக்கும் ஒரு ரசிகர் படத்துக்குத் திரைக்கதை முடிந்துவிட்டது. 22 நிமிடம். கதையும் பாத்திரங்களும் புதியவை, ஆனால் பாதி வசனம் அந்த விண்வெளித் தொடரில் வரும் வேற்றுக்கிரக இனமான க்ளிங்கான்களின் மொழியில். கூட்டு நிதி திரட்டி எடுத்து யூடியூபில் இலவசமாக விடத் திட்டம். மொழிக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அக்ஸனார் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் படத்தின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்தானே? லாப நோக்கம் இல்லாததால் ஃபேர் யூஸ் (அனுமதி இல்லாமலே நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று வாதாட முடியுமா?

மொழித்தச்சன்:
அப்படி ஒரு தீர்ப்பு வரவே இல்லை. பலரும் இதைத் தவறாகவே எழுதுகிறார்கள்.

ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்களான பாரமவுண்ட், சிபிஎஸ் ஸ்டுடியோக்கள் அக்ஸனார் தயாரிப்பாளர்கள்மீது 2015 டிசம்பர் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போயின. தங்கள் தொடரிலிருந்து அக்ஸனார் குழு எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று திருத்திய மனுவில் நீண்ட பட்டியல் கொடுத்தார்கள்: சீருடை, கூர்மையான காது, விண்கலங்கள், கூடவே க்ளிங்கான் மொழி. உடனே செயற்கை மொழிகளை உருவாக்குவோரின் அமைப்பான லாங்க்வேஜ் க்ரியேஷன் சொசைட்டி இடையில் வந்து, மொழிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று ஒரு கருத்துரையை முன்வைத்தது. அதில் க்ளிங்கான் வாக்கியங்களையே ஆங்காங்கே எழுதியிருந்தார்கள். இந்த வாதத்துக்கு வேர் 1879இன் பேக்கர் எதிர் செல்டன் தீர்ப்பு. ஒரு கணக்கெழுதும் முறையை விளக்கும் புத்தகத்துக்கு உரிமை உண்டு, அந்த முறைக்கு இல்லை என்றது அது. இன்று அதே கொள்கை பதிப்புரிமைச் சட்டத்தின் 102ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நீதிபதி கிளாஸ்னர் 2016 மே மாதம், இந்தக் கட்டத்தில் மொழிக் கேள்விக்குள் போக வேண்டியதில்லை என்று தள்ளி வைத்தார். 2017 ஜனவரியில் சமரசம் ஆகிவிட்டது. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

என் கருத்து உறுதியானது: இலக்கணமும் சொற்களும் சேர்ந்த ஒரு மொழி என்பது ஒரு முறை, அதைப் பேசுவதைத் தடுக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஆனாலும் மொழியைச் சுற்றியுள்ள மற்றவற்றைப் பிரித்துப் பாருங்கள். க்ளிங்கான் மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் 1985இல் வெளியிட்ட அகராதியின் விளக்க உரைகள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஒரு நூலின் பகுதி. அவற்றை அப்படியே எடுத்து உங்கள் தளத்தில் சொற்பட்டியலாகப் போடாதீர்கள். படங்களில் வந்த வசனத்தைத் திரும்பச் சொல்வதும் வேறு கணக்கு. நீங்களே புதிதாகக் கட்டிய வாக்கியங்கள்தான் பாதுகாப்பானவை. அந்நிய எழுத்துருவில் வசனம் காட்டுவதாக இருந்தால், அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. எழுத்துருக் கோப்பு மென்பொருள் என்பதால் அதற்கு உண்டு. உரிமத்தைப் படித்துவிட்டு நிறுவுங்கள்.

லாக்லன் என்ற செயற்கை மொழி பற்றிய வழக்கை யாராவது உதாரணம் காட்டினால் நம்பாதீர்கள். 1992இல் அங்கே தீர்ந்தது அந்தப் பெயர் டிரேட்மார்க் ஆகுமா என்பது மட்டும். பொதுப்பெயராகிவிட்டது, ஆகாது என்றார்கள்.

வழக்குமன்றம்:
மொழித்தச்சன் சொன்னது சரி, ஆனால் உங்களுக்கு ஆபத்து மொழியிலிருந்து வரப்போவதில்லை. வசனம் முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

அக்ஸனார் வழக்கின் 2017 ஜனவரி 3 உத்தரவைப் பாருங்கள். ஃபேர் யூஸின் நான்கு அம்சங்களும் ஸ்டுடியோக்கள் பக்கமே என்று கிளாஸ்னர் சொன்னார். படம் இலவசம்தான், ஆனால் பத்து லட்சம் டாலருக்கு மேல் நிதி திரண்டிருந்தது. அதனால் கிடைத்த நன்மையும் கணக்கில் வந்தது. ஆவணப்பட பாணியில் எடுத்தது பகடி ஆகாது என்றும் சொல்லிவிட்டார். அக்ஸனார் கதையின் நாயகன் கார்த் 1969இல் அசல் தொடரின் ஒரே ஒரு எபிசோடில் தோன்றியவன். அதுவும் காப்பாற்றவில்லை.

பாத்திரங்கள் புதியவை என்பது பாதித் தீர்வு கூட இல்லை. உங்கள் புது ஆள் க்ளிங்கான் இனத்தவன், அவன் ஏறுவது அவர்களுடைய போர்க்கலம், போடுவது அவர்களுடைய உடை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சாதாரணமாகத் தெரியலாம், சேர்த்துத்தான் ஒப்பிடுவார்கள். இன்னொன்று: 1989இன் ஆண்டர்சன் எதிர் ஸ்டலோன் வழக்கில், அனுமதி இல்லாமல் பிறருடைய பாத்திரங்களை வைத்து எழுதிய கதைச்சுருக்கத்தில் எழுதியவருக்கே உரிமை இல்லை என்றாகிவிட்டது. நாளைக்கு உங்கள் கதையை யாராவது எடுத்துக்கொண்டால் நீங்கள் கேட்கவும் முடியாது.

வேண்டுமென்றே செய்த மீறல் என்றானால் சட்டப்படி இழப்பீடு, மீறப்பட்ட ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகலாம். எத்தனை எபிசோடுகளிலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணத் தொடங்கினால் தொகை எங்கே போகும் என்று யோசியுங்கள்.

எடிட்மேசை:
நடைமுறைக்கு வருவோம். 2016 ஜூனில் ஸ்டுடியோக்கள் ரசிகர் படங்களுக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டன. அவற்றுக்குள் நின்றால் ஆட்சேபிக்க மாட்டோம் என்கிறார்கள். அது உரிமம் அல்ல, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். ஆனாலும் இருப்பதில் அதுதான் நல்ல குடை.

உங்கள் 22 நிமிடம் அப்படியே நிற்காது. ஒரு கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பகுதி, மொத்தம் 30 நிமிடம்; அதற்குப் பிறகு தொடர்ச்சி கூடாது. ஆகவே இரண்டாகப் பிரிக்கும் இடத்தை இப்போதே திரைக்கதையில் குறித்துவிடுங்கள், எடிட்டிங்கில் தேடினால் கதை தொய்யும். தலைப்பில் ஸ்டார் ட்ரெக் என்ற பெயர் வரக் கூடாது, ஆனால் ரசிகர் தயாரிப்பு என்ற துணைத்தலைப்பு கட்டாயம். நடிகரும் குழுவினரும் சம்பளம் வாங்காதவர்கள். அந்தத் தொடர்களிலோ படங்களிலோ வேலை பார்த்தவர்கள் யாரும் இருக்கக் கூடாது.

நிதி வரம்பு 50,000 டாலர், தளத்தின் கட்டணமும் அதற்குள். தொட்டவுடன் பக்கத்தை மூட வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது நன்கொடையாளர் பரிசில்தான்: சட்டை, பேட்ஜ், டிவிடி எதுவும் தராதீர்கள். உடை விஷயத்திலும் கவனம். கடையில் கிடைக்கும் சீருடை என்றால் அதிகாரபூர்வமானதே வேண்டும், அதைப் பார்த்துத் தைத்த நகல் ஆகாது. யூடியூபில் விளம்பரத்தை அணைத்துவிடுங்கள்.

கதைசொல்லி:
நன்றி. அந்த உலகத்தையே விட்டுவிட்டு, சொந்த இனம், சொந்த மொழி என்று மாற்றினால்?

மொழித்தச்சன்:
அதுதான் நல்ல வழி. க்ளிங்கான் சொற்களைத் திருத்திப் பயன்படுத்தாமல் ஒலி அமைப்பிலிருந்தே தொடங்குங்கள். 22 நிமிடப் படத்துக்கு முந்நூறு சொல் வேர்களும் ஒரு ஒழுங்கான வினைத்திரிபும் போதும். மொழியை வேறொருவர் உருவாக்குகிறார் என்றால் இலக்கணக் குறிப்பும் சொற்பட்டியலும் யாருடையவை, அடுத்த படத்தில் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். ரசிகர்கள் அந்த மொழியில் எழுதலாம் என்பதையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியை வெளியிட்ட 1887இலேயே அதை உருவாக்கிய ஸமன்ஹாஃப் அதன்மீது தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். அதனால்தான் அது பற்றி இன்று சண்டை இல்லை.

எடிட்மேசை:
ஒரு விஷயம் விட்டுப்போனது. யூடியூபில் பதிப்புரிமைப் பொருத்தத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி அமைப்பின் உரிமைக்கோரல் வேறு, சட்டப்படியான நீக்கல் நோட்டீஸ் வேறு. முதலாவதை மறுத்தால் கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கும். இரண்டாவதற்கு எதிர்நோட்டீஸ் போட்டால் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கும் ஒப்புக்கொண்டவர் ஆவீர்கள். அவர்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் படம் திரும்ப வரும். பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டுத்தான் அதில் கையெழுத்துப் போடுகிறீர்கள், எனவே வழக்கறிஞரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.