வகுப்பறையில் சந்தை: அட்டைக் கணக்கும் இடறும் இடங்களும்

எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டையும், எவ்வளவு விற்பார்கள் என்று காட்டும் அளிப்புக் கோட்டையும் பலகையில் வரைந்து, வெட்டும் இடத்தைச் சுட்டி "இதுதான் சமநிலை விலை" என்று சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்; நம்ப மாட்டார்கள். யாருமே விலை வைக்காதபோது அது எப்படி ஓரிடத்தில் வந்து நிற்கும் என்ற சந்தேகம் மனசுக்குள் அப்படியே இருக்கும். அதைத் தீர்க்க 20 அட்டையும் 40 நிமிடமும் போதும்.

10 பேர் வாங்குபவர்கள், 10 பேர் விற்பவர்கள். வாங்குபவர் அட்டைகளில் 102, 97, 92 என்று ஐந்தைந்தாக இறங்கி 57 வரை எழுதுங்கள். அந்தப் பொருள் அவருக்கு அவ்வளவு பெறும். அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம். விற்பவர் அட்டைகளில் 40, 45, 50 என்று ஏறி 85 வரை. அது அடக்கவிலை, அதற்குக் கீழே கொடுத்தால் நஷ்டம். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு பொருள்தான். பேரம் படிந்ததும் இருவரும் வந்து விலையைச் சொல்ல வேண்டும், உடனே அது பலகையில் ஏற வேண்டும். முதல் சுற்றுக்கு 8 நிமிடம், பிறகு 5 நிமிடம் வீதம் மூன்று சுற்று. அட்டைகளை நடுவில் மாற்றக் கூடாது.

முதல் சுற்றில் விலை 50க்கும் 85க்கும் நடுவே சிதறிக் கிடக்கும். மூன்றாம் சுற்றில் 70ஐ ஒட்டி நெருங்க ஆரம்பிக்கும். அதன்பிறகு அட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டுங்கள். 102க்கு எதிரே 40, 97க்கு எதிரே 45 என்று வைத்துக்கொண்டே போனால் ஏழாவது ஜோடி 72, 70. எட்டாவது ஜோடி 67, 75, அது சேராது. ஆக 7 வியாபாரம், விலை 70 முதல் 72 வரை. ஒவ்வொரு ஜோடியிலும் மதிப்புக்கும் அடக்கவிலைக்கும் உள்ள வித்தியாசமே இருதரப்புக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஆதாயம்: 62+52+42+32+22+12+2 = 224. இந்த எண்ணை எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

பலகையில் விலை எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் ஹார்வர்டு வகுப்பில் நடத்தி 1948இல் வெளியிட்ட சோதனையில் ஆளுக்காள் தனியாகப் பேரம் பேசினார்கள். விலை சமநிலைக்கு வந்து நிற்கவில்லை, வியாபார எண்ணிக்கையும் கணக்கைவிடக் கூடியது. காரணம் நம் அட்டைகளிலேயே தெரியும்: அடக்கவிலை 80 உள்ள விற்பனையாளர் 97 அட்டைக்காரரை மூலையில் பிடித்து 88க்கு விற்றுவிடலாம். வெளியே 71க்குக் கிடைக்கிறது என்று அந்த 97க்குத் தெரியாது. சேம்பர்லின் வகுப்பில் மாணவராக இருந்த வெர்னான் ஸ்மித், பின்பு தாமே சோதனை நடத்தியபோது கேட்கும் விலை, கொடுக்கும் விலை எல்லாவற்றையும் எல்லார் காதிலும் விழச் செய்தார். ஒரே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்தினார். விலை சமநிலைக்கு வந்தது. 1962இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். 2002இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் உளவியலாளர் டேனியல் கானமனுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

கெடும் இடங்கள்: அட்டையை எதிராளிக்குக் காட்டிவிடுவது முதலாவது. 102ஐப் பார்த்துவிட்டால் விற்பவர் 100க்குக் கீழே இறங்க மாட்டார். இரண்டாவது, 57 அட்டை வந்தவர் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று நினைத்து 70 கொடுத்துவிடுவது. "வாங்காமல் இருந்தால் பூஜ்யம், இப்படி வாங்கினால் மைனஸ் 13" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேர்த்த புள்ளிக்கு (அட்டை எண்ணுக்கும் படிந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) சின்னப் பரிசு எதுவும் இல்லாவிட்டால் தோழனுக்காக விட்டுக்கொடுப்பார்கள், பேரமே நடக்காது.

* * *

அதே அட்டைகளோடு இன்னொரு சுற்று: 55க்கு மேல் விற்கக் கூடாது என்று அறிவியுங்கள். வாங்க 10 பேரும் தயார். விற்க 40, 45, 50, 55 அட்டைக்காரர்கள் நாலு பேர்தான், அந்த 55கூட மனசில்லாமல்தான் வருவார். ஆறு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பற்றாக்குறை என்ற சொல்லை அந்த நேரத்தில் சொன்னால் மறக்காது.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாலு பொருள் யாருக்குப் போனது என்று பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. அதிக மதிப்பு வைத்த நால்வருக்குப் போயிருந்தால் ஆதாயம் 378−190 = 188. முதலில் ஓடிப்போய்ப் பிடித்தவர்கள் 72, 67, 62, 57 ஆக இருந்தால் 258−190 = 68. முன்பு 224. குறைவான விலை ஏழைக்கு உதவியதா, வேகமாக ஓடியவருக்கா என்ற விவாதத்தை அவர்களே தொடங்குவார்கள். நடுவே புகாமல் இருப்பது நல்லது.

தேர்வில் தவறும் இடம்: இப்படி "இதற்கு மேல் விற்கக் கூடாது" என்று வைக்கும் உச்சவரம்பை 90இல் வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சமநிலைக்கு மேலே இருக்கும் உச்சவரம்பு எதையும் தடுக்காது. படத்தில் கோடு மேலே இருப்பதால் "விலை ஏறும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

* * *

தடையற்ற தொழில்முனைவைப் பாடமாக நடத்துகிறவர்கள் அதன் எல்லையையும் இதே மேசையில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் பாடம் பிரச்சாரமாகிவிடும். ஒவ்வொரு வியாபாரத்தாலும் வெளியே நிற்கும் ஒருவருக்கு 20 புள்ளி சேதம் என்று வையுங்கள், புகை மாதிரி. 7 வியாபாரத்துக்கு 224−140 = 84. கடைசி இரண்டு ஜோடிகளும் தங்களுக்குள் சம்பாதித்தது 12ம் 2ம். ஊருக்கு வைத்த செலவு 40. அவை நடக்காமல் இருந்தால் 210−100 = 110.

இப்போது விற்பவருக்கு 20 வரி போடுங்கள். 5 வியாபாரம்தான் நடக்கும், விலை 80–82க்குப் போகும். விற்பவர் கட்டுகிற வரியில் பாதி வாங்குபவர் தலையில் விழுவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்: விலை 10 ஏறியது, விற்பவர் கையில் நிற்பது 10 குறைந்தது. இந்த அட்டைகள் இரு பக்கமும் ஐந்தைந்தாக நகர்வதால் சரிபாதி வருகிறது. ஒரு பக்கம் படி பெரிதாக இருந்தால் பங்கு மாறும்.

* * *

மாணவர்களே சின்னத் தொழில் நடத்தும் பகுதியில் தவறுவது வேறு மாதிரி. மாறாச் செலவு (எத்தனை செய்தாலும் மாறாதது) 600, ஒன்றுக்குப் பொருட்செலவு 10, விற்பனை விலை 25 என்று வைப்போம். ஒன்று விற்றால் மிஞ்சுவது 15. 600ஐ 15ஆல் வகுத்தால் 40. அங்கேதான் போட்ட முதல் திரும்பும். விலையை 20 ஆக்கினால் மிஞ்சுவது 10, இனி 60 விற்க வேண்டும். விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததற்கு விற்பனை ஒன்றரை மடங்காக வேண்டும். "விலையைக் குறைத்தால் நிறைய விற்கும்" என்று சொல்லும் குழுவிடம் இந்த வகுத்தலை முதலில் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது விற்காத சரக்கு. 60 செய்து 48 விற்றால் வரவு 1200. செலவு 600+600 = 1200. லாபம் பூஜ்யம். 40ஐத் தாண்டி 8 விற்றதால் 120 லாபம் என்று குழு எழுதியிருக்கும். மிஞ்சிய 12இல் அந்த 120ம் அடங்கிவிட்டது. அதனால் முதல் நாளே முழுச் சரக்கையும் செய்யாமல் 20 செய்து, விற்கும் வேகம் பார்த்து அடுத்த 20க்குப் போவது நல்லது.

48 மட்டும் செய்து 48ம் விற்றிருந்தால் 120 நிற்கும். 5 பேர் ஆளுக்கு 6 மணி நேரம் உழைத்திருந்தால் மணிக்கு 4. அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றுக்காக விட்டுக்கொடுத்த இன்னொன்றின் மதிப்பு, தானாகவே வந்துவிடும்.

* * *

ஒப்பீட்டு நன்மைக்கு, அதாவது மற்றதைக் குறைவாக இழந்து செய்யக்கூடியதையே ஒவ்வொருவரும் செய்வது என்ற பாடத்துக்கு, ஒரே எச்சரிக்கை. 1817இல் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த எண்கள் (ஓர் அளவு செய்யத் தேவையான ஆட்கள்): இங்கிலாந்தில் துணிக்கு 100 பேர், மதுவுக்கு 120 பேர், போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இது உழைப்பின் அட்டவணை, எண் சிறியதாக இருந்தால் திறமை அதிகம். இங்கிலாந்தில் ஓர் அளவு மதுவுக்கு 120/100 = 1.2 துணியை இழக்க வேண்டும், போர்ச்சுகலில் 80/90, ஏறத்தாழ 0.89. ஆகவே மது போர்ச்சுகலுக்கு, துணி இங்கிலாந்துக்கு. கேள்வித்தாளில் "ஒரு மணி நேரத்தில் எத்தனை செய்வார்" என்று உற்பத்தி அட்டவணை வந்தால் வகுத்தலைத் திருப்பிப் போட வேண்டும். தலைப்பைப் படிக்காமல் வகுப்பதால்தான் விடை தலைகீழாக வருகிறது.

சொற்களில் ஒரு குறிப்பு: சில பாடநூல்கள் தேவை, அளிப்பு என்கின்றன, சில கேள்வி, நிரம்பல் என்கின்றன. இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள்.