மோனாலிசாவின் எலும்பு கிடைத்துவிட்டதாம்!

பழையபேப்பர்: வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. ஃப்ளோரன்ஸில் சான்ட் ஓர்சோலா என்ற பழைய கன்னியர் மடம். அதன் கான்கிரீட் தரைக்கு அடியில் மறைந்திருந்த நிலவறையில் மோனாலிசாவின் எலும்பு கிடைத்துவிட்டதாம், மண்டை ஓட்டை வைத்து முகத்தையே செய்துவிட்டார்களாம். இங்கேயும் ஒரு மேதாவி "அறிவியல் வென்றது" என்று பகிர்ந்திருக்கிறார். ஐயா, எந்த மண்டை ஓடு?

குமரன்74: மேதாவி நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். மோனாலிசா ஓவியத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண் லிசா கெரார்தீனி 1542 ஜூலை 15 அன்று இறந்தார், சான்ட் ஓர்சோலாவில் அடக்கம் என்று பதிவேடே இருக்கிறது. 2007இல் ஆய்வாளர் பல்லன்டி அதை வெளியே கொண்டுவந்தார். லிசாவின் மகள் அதே மடத்தில் துறவி. 2011இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 2015இல் கார்பன் சோதனையில் காலமும் பொருந்தியது. இன்னும் என்ன வேண்டும்?

பழையபேப்பர்: மண்டை ஓடு வேண்டும்.

செவ்வந்தி: "கிடைத்தது" என்றால் "இருக்கலாம்" என்ற அர்த்தத்திலா, "நிரூபித்தாயிற்று" என்ற அர்த்தத்திலா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

பழையபேப்பர்: இருந்தது தொடை எலும்புத் துண்டும் வேறு சில துண்டுகளும். தொடையை வைத்து எந்தச் சிரிப்பைச் செய்வீர்கள்? கார்பன் காலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. டிஎன்ஏ ஒப்பிட 2013இல் சான்டிசிமா அனுன்சியாட்டா தேவாலயத்தில் குடும்பக் கல்லறையையும் திறந்தார்கள். அங்கிருந்த எலும்புகள் சிதைந்து போயிருந்தன, ஒப்பிட முடியவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

குமரன்74: ஒப்பிட முடியவில்லை என்றால் பொய் என்று ஆகிவிடுமா?

பழையபேப்பர்: உண்மை என்றும் ஆகாது. மண்டை ஓடு எங்கே?

மலைக்கோட்டை: நான் ஃப்ளோரன்ஸ் போனவன். சான் லொரென்சோ சந்தைக்குப் பக்கம்தான் அந்தக் கட்டடம், பூட்டிக் கிடந்தது. படம் போட்டிருக்கிறேன் பாருங்கள்.

பழையபேப்பர்: பூட்டுக்கு வெளியே நின்றவருக்கு நிலவறையைப் பற்றி என்ன தெரியும்? 1810இல் நெப்போலியன் ஆட்சியில் மடத்தை மூடினார்கள். அப்புறம் புகையிலை ஆலை, போருக்குப் பின் அகதிகள் குடியிருப்பு, 1980களில் காவல் படைக்குப் பாசறை கட்டுகிறேன் என்று தோண்டிப் பாதியில் விட்டார்கள். அள்ளிய மண் குப்பைமேட்டுக்குப் போனது. லிசாவும் அதோடு போயிருக்கலாம். அதைப் பற்றி யாரும் ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?

குமரன்74: "போயிருக்கலாம்" என்று நீங்கள் சொன்னால் ஆராய்ச்சி, நான் சொன்னால் வாட்ஸ்அப்பா? நல்ல நியாயம் சார்.

பழையபேப்பர்: தோண்டிய குழுவின் தலைவர் வின்சேட்டி 2010இல் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் எலும்பு கிடைத்தது, 85 சதவீதம் உறுதி என்றவர். மோனாலிசாவின் கண்ணுக்குள் எழுத்து இருக்கிறது என்றவரும் அவரே. அவர் சொன்னதைத்தான் நீங்கள் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

குமரன்74: ஓ, கரவாஜியோ! அந்த இழையில் வாங்கியது இன்னும் வலிக்கிறதா? அன்றைக்கும் நீங்கள் கேட்டது மண்டை ஓடுதான்.

பழையபேப்பர்: அன்றைக்கும் பதில் வரவில்லை.

செவ்வந்தி: நான் கேட்டதற்கும்தான் வரவில்லை.

மலைக்கோட்டை: என்னைச் சீண்டவேண்டிய அவசியம் என்ன? சொந்தக் காசில் போய்வந்தவன் நான். உட்கார்ந்த இடத்தில் ஃப்ளோரன்ஸை அளப்பவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழையபேப்பர்: சந்தையில் தோல் பை வாங்கினதெல்லாம் அகழாய்வில் சேராது. மண்டை ஓடு இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகிர்வை எடுங்கள்.

குமரன்74: எடுக்க மாட்டேன். பதிவேடு இருக்கிறது, காலம் பொருந்துகிறது, எனக்கு அது போதும்.

பழையபேப்பர்: அதே காலத்தில் அந்த மடத்தில் வேறு யாருமே சாகவில்லையா? மண்டை ஓடு?

குமரன்74: கிளிப்பிள்ளை.

மலைக்கோட்டை: என் படத்தை யார் நீக்கியது? குமரன், நீங்கள்தானே மட்டுறுத்துநர்?